அந்தப் பாறை எங்கே இருக்குன்னு கேட்காதீங்க

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸில் ஆணி அதிகம் உள்ளவர்கள் வீட்டுக்குப் போய்ப் படிக்கவும்.

போன பதிவில் ஒரு போட்டோ போட்டிருந்தேன். வறண்ட ஓடை, ரெண்டு பக்கமும் யானை யானையா உருண்டைப் பாறைங்க, அதுல ஒண்ணுல அடியேன் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு. மாஞ்சு மாஞ்சு நான் எழுதின பதிவைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. பின்னூட்டத்தில் பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்விதான். "தல, எந்த இடம் இது? மேப் லிங்க் குடுங்க." தனி மடலில் வேற நாலு பேர். செஞ்சிப் பக்கம்னு மட்டும் பதில் சொன்னேன். ஒரு நண்பருக்குக் கோபமே வந்துடுச்சு. "பாறை என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா? பொதுச் சொத்து சார்"ன்னு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

போல்டரிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மலையேற்றம் இல்லை. கயிறு கிடையாது. பத்து, பதினஞ்சு அடி உயரப் பாறையில் கையையும் காலையும் மட்டும் வெச்சு ஏறணும். காலுக்கு இறுக்கமான ரப்பர் ஷூ, கை வேர்வைக்கு மெக்னீசியம் கார்பனேட் பொடி, விழுந்தா தாங்க கீழே ஒரு தடிமனான மெத்தை. ஒவ்வொரு பாதைக்கும் 'ப்ராப்ளம்'னு பேரு. வாரம் அஞ்சு நாள் கம்ப்யூட்டர்ல ப்ராப்ளம் தேடுறவன் ஆறாவது நாளும் போய்ப் பாறையில ப்ராப்ளம் தேடுறான் பாருங்க, அந்தக் கிறுக்குதான் இது :-) டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-ல் நடந்தது) முதல்முறையாக இந்தப் பாறையேற்றத்தையும் சேர்த்தாங்க. அதுக்கப்புறம் சென்னையிலும் பெங்களூரிலும் செயற்கைச் சுவர்களில் கூட்டம் கூடிப்போச்சு. எனக்கும் பிடிச்சது அப்போதான்.

நம்ம ஊர்ப் பசங்க போல்டரிங்னா ஹம்பிக்கு ஓடுவாங்க. கிறிஸ் ஷர்மா ஹம்பியில் ஏறின படம் 2003-ல் வந்த பிறகு உலகம் முழுக்க அந்த இடத்துக்குப் பேரு. எனக்கு அம்மா ஊர் செஞ்சிப் பக்கம். சின்ன வயசுல லீவுக்குப் போனா பஸ் ஜன்னல்ல தெரிஞ்சதெல்லாம் இந்தப் பாறைக் குவியல்தான். யாரோ ராட்சசன் கூழாங்கல்லைக் கொட்டி வெச்ச மாதிரி. அப்போ அது 'வெறும் கல்லு'. ஹம்பிக்கு ராத்திரி பஸ் பிடிச்சுப் போயிட்டு வந்த அப்புறம்தான், அடப்பாவி, இதே சரக்கு நம்ம வீட்டு வாசல்லயே கிடக்கேன்னு உறைச்சது.

இந்தப் பாறையை யாரும் உருட்டிக் கொண்டுவந்து போடலை. சுமார் 250 கோடி வருஷத்துக்கு முந்தின கருங்கல். பூமிக்கடியிலேயே குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு விழுந்து பெட்டி பெட்டியாப் பிரிஞ்சிருக்கு. அந்த வெடிப்பில் தண்ணி இறங்கி, ஃபெல்ட்ஸ்பார் மெல்லக் களிமண்ணாக, முதலில் கரைவது பெட்டியோட மூலைகள். மூலை போனா மிச்சம் உருண்டை. மேல்மண்ணை மழை அடிச்சிக்கிட்டுப் போக, உருண்டைகள் ஒண்ணுமேல ஒண்ணா வெளியே தலைகாட்டுது. இன்னமும் வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. ஏறுறதுக்கு முன்னாடி விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். 'டங்'குன்னா நல்ல கல்லு. 'தொப்'புன்னா உரியப்போற சருகு, அதைப் பிடிச்சா அதோட சேர்ந்து நாமும் கீழே.

மார்கழி, தை மாசம்தான் சீசன். மத்த நாளில் ஒன்பது மணிக்கே தோசைக்கல் மாதிரி ஆயிடும். காலை அஞ்சரைக்குப் பனியில் போய் நின்னா, பாறை சில்லுன்னு இருக்கும். அந்தக் குளிரில்தான் பிடிமானம் நல்லா கிடைக்கும். செஞ்சிக் கல்லுல பெரிய பிடி ஒண்ணும் இருக்காது. மிளகு சைஸுக்குத் துருத்திக்கிட்டிருக்கும் படிகத்துல விரல் நுனியை வெச்சு, காலை மட்டும் நம்பி, மூச்சை அடக்கி எழணும். மூணு மணி நேரத்துல விரல் தோல் காலி. திங்கட்கிழமை கீபோர்டு தட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் எரியும்.

முதல்முறை போனது 2023 ஜனவரி. நானும் ரெண்டு நண்பர்களும். பச்சை மெத்தையை முதுகில் கட்டிக்கிட்டு ஊருக்குள் நடந்தா, டீக்கடையே எழுந்து நின்னு பார்க்குது. "ஏம்பா, மலையில போய்த் தூங்கவா மெத்தை?" ஒருத்தர் கேட்டார். ஹி ஹின்னு வழிஞ்சுட்டுப் போனோம். ஓடைக்குள்ள நுழைஞ்சதும் முதல் பாறையே மனசைப் பறிச்சது. பன்னிரண்டு அடி, லேசா முன்னால சாய்ஞ்ச முகம், நடுவுல ஒரு விரல் போற வெடிப்பு. பாசியைப் பிரஷ்ஷால் தேய்ச்சு எடுத்தோம். பொடியை அள்ளித் தடவினோம். மூணு மணி நேரம் விழுந்து விழுந்து எழுந்து, கடைசியா மேலே ஏறி உட்கார்ந்தப்போ ராஜகிரி வரைக்கும் தெரிஞ்சது. இதுக்கு மேல என்ன வேணும்னு இருந்தது.

இறங்கும்போது கீழே ஒரு பெரியவர். ஆடு ஓட்டிக்கிட்டு வந்தவர். எவ்வளவு நேரமா நின்னாரோ தெரியாது.

"தம்பி, கல்லுமேல ஏன் சுண்ணாம்பு பூசி வெச்சிருக்கீங்க?"

"சுண்ணாம்பு இல்ல தாத்தா. கை வழுக்காம இருக்க ஒரு பொடி."

"அந்தாண்டப் பக்கம் வந்து பாருப்பா."

பாறைக்குப் பின்பக்கம், அதன் குடைவுக்குள், ஏழு சின்னக் கல்லு. மஞ்சளும் குங்குமமும் காய்ஞ்சு, போன ஆடிக்குக் கட்டின துணி நைஞ்சு தொங்குது. ஏழு கன்னிமார். நாங்க மூணு மணி நேரம் ஷூவோட மிதிச்சது அந்தக் கோயிலோட கூரை.

அவர் திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது. "தெரியாம ஏறிட்டீங்க, போங்க"ன்னு சொல்லிட்டு ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிட்டார். கையில இருந்த குடிதண்ணி மொத்தத்தையும் ஊத்திக் கழுவினோம். கருங்கல்லோட நுண்துளையில் போன வெள்ளை லேசுல போகாது. அடுத்த வாரம் ரெண்டு குடமும் பிரஷ்ஷும் எடுத்துக்கிட்டு மறுபடி போய்த் தேய்ச்சோம். அதுல பெரியவருக்கு எங்க மேல கொஞ்சம் நம்பிக்கை வந்து, எந்தப் பாறையில் ஏறலாம், எது கூடாது, எங்கே மலைத்தேனீ, எங்கே கட்டுவிரியன்னு ஓடை முழுக்கக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினார். ஏறக்கூடாதது ரெண்டே ரெண்டு பாறை. மிச்சம் முப்பதுக்கும் மேல எங்களுக்கு!

இதோட நிறுத்தியிருந்தா நல்ல கதை. நான் என்ன பண்ணினேன்? வீட்டுக்கு வந்து பதிவு எழுதினேன். பத்து போட்டோ, மேப், எந்த இடத்தில் வண்டி நிறுத்தணும்கிறது வரைக்கும். ஹிட்ஸ் எகிறிச்சு. பெருமையா இருந்ததுன்னு ஒத்துக்கறேன்.

2024 பொங்கல் லீவுல மறுபடி போனா ஓடை வாசல்லயே ஏழெட்டுக் கார். ஸ்பீக்கர் அலறுது. ஏழு கன்னிமார் இருக்கற குடைவுக்குப் பத்தடி தள்ளி யாரோ நெருப்பு மூட்டி, பாறை முகம் கருகி, சூட்டுல ஒரு தகடு உரிஞ்சு விழுந்திருக்கு. பீர் பாட்டில் சில்லு. அன்னைக்கு மதியம் மெத்தை இல்லாம ஏறின ஒரு பையன் விழுந்து கணுக்கால் உடைஞ்சது. ஊர்க்காரங்கதான் கயித்துக் கட்டில்ல வெச்சுத் தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் வந்தாங்க. சாயங்காலம் ஊர் கூடி, இனிமே வெளியாள் யாரும் ஓடைக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பெரியவர் என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. மறுபடியும்.

அன்னைக்கு ராத்திரியே அந்தப் பதிவை எடுத்துட்டேன். இனி எந்தப் பாறையையும் ஊர் உலகத்துக்குச் சொல்றதில்லைன்னு ஒரு வைராக்கியம்.

கதை இங்கேயே முடிஞ்சா 'மேப் போடாதே'ங்கறது எளிதான தீர்ப்பு. ஆனா முடியலை.

அந்த ஓடைக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குன்று. அங்கே கோயில் கிடையாது, யாரும் வர்றதும் இல்லை. ஒரு அருமையான பாறை. அதில் இருந்த ப்ராப்ளத்துக்கு நாங்க வெச்ச பேரு 'தயிர்சாதம்' (சாப்பிட்ட உடனே ஏறப் பார்த்து நண்பன் பட்ட பாடு!). அதை யாருக்கும் சொல்லலை. 2025 தொடக்கத்தில் போனப்போ பாறை இல்லை. வரிசையா ஆப்பு அடிச்ச துளைங்க, சிதறின சில்லு, டிராக்டர் தடம். கொஞ்ச தூரத்தில் புதுசா ஒரு மனைப் பிரிவு. எல்லையில் நட்டிருந்த வேலிக்கல் அத்தனையும் அந்தப் பாறையோட நிறம். ஒரு கல்லுல ப்ளாட் நம்பர் எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்துல லேசா ஒரு வெள்ளைத் தீற்றல் தெரிஞ்சது. எங்க பொடியா, பெயிண்ட்டான்னு சத்தியமா சொல்ல முடியலை.

மாமா பையன்கிட்ட புலம்பினேன். அவன் ஜல்லி கிரஷர்ல டிப்பர் ஓட்டறவன். "மச்சான், நீ பத்தாவது மாடியில ஏசி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, அந்த பில்டிங் எந்த மலைன்னு நினைச்சே? நான்தான் லோடு அடிச்சேன்னு வெச்சுக்கோ"ன்னான். பதில் இல்லை. அவன் பேசினது சரிதான். கிரஷர் மூடினா அவன் வீட்டுல அடுப்பு எரியாது. ஞாயித்துக்கிழமை ஏறி விளையாட பாறை வேணும்னு கேக்கறதும், திங்கக்கிழமை கான்கிரீட்டுக்குள்ள போய் உட்கார்றதும் ஒரே ஆளுதானே. அதனால 'குவாரி ஒழிக'ன்னு கோஷம் போடற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனா எந்தப் பாறையை உடைக்கறது, எதை விடறதுன்னு ஒரு கணக்கு இருக்கணும்ங்கறேன். இப்போ அந்தக் கணக்கு யார்கிட்டயும் இல்லை.

செஞ்சிக் கோட்டைக்கு அந்தக் கணக்கு இருக்கு. 2025 ஜூலையில் பாரீஸ் கூட்டத்தில் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. மராட்டியரோட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில், ஒண்ணே ஒண்ணு நம்ம செஞ்சி. சிவாஜி 1677-ல் பிடிச்சது, ராஜாராம் உள்ளே இருந்துக்கிட்டு 1698 வரைக்கும் முகலாயருக்குத் தண்ணி காட்டினது எல்லாம் தெரிஞ்ச கதை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூணையும் சேர்த்துச் சுத்தி வளைக்கற மதில் சுமார் 13 கிலோமீட்டர். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கு. சேதம் பண்ணினா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம்.

சில ஏறும் நண்பர்கள் "கோட்டைக்குள்ளயே ஆயிரம் பாறை இருக்கே, அங்க ஏறினா என்ன"ன்னு கேப்பாங்க. கூடாதுங்க. அங்கே மதில் ஓடிவந்து ஒரு பாறையில் முட்டி நிற்கும். பாறைக்கு அந்தப் பக்கம் மறுபடி தொடரும். அதாவது பாறையே மதில். கட்டினவன் பாறையையும் கட்டடத்தையும் பிரிச்சுப் பார்க்கலை, நாம எப்படிப் பிரிக்கறது? 1750-ல் பிரெஞ்சுக்காரங்க ஒரே ராத்திரியில் கோட்டையைப் பிடிச்சாங்க. செஞ்சியில் ராத்திரி ஏறின பெருமை அவங்களோட போகட்டும்.

கோட்டைக்கு வெளியேதான் சிக்கல். சிறுகடம்பூர் திருநாதர்குன்று செஞ்சிக்கு ரொம்பப் பக்கம். ஒரே பெரும்பாறையில் ரெண்டு வரிசையா 24 தீர்த்தங்கரர் சிற்பம். சந்திரநந்தி ஆசிரியர்ங்கற சமண முனிவர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்ற பழைய கல்வெட்டும் அங்கே இருக்கு. இதே விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலையிலும் செத்தவரையிலும் எழுத்து பிறக்கறதுக்கு முந்தின காலத்து ஆளு காவி நிறத்தில் பாறையில் வரைஞ்சு வெச்சிருக்கான். அதெல்லாம் யாரோ பார்த்துச் சொன்னதால் நமக்குத் தெரியும். இன்னும் யாரும் பார்க்காத குடைவு எத்தனை இருக்கோ. அங்கே ஒருத்தன் பாசின்னு நினைச்சு பிரஷ்ஷால் தேய்ச்சா, மூவாயிரம் வருஷம் ஒரு நிமிஷத்தில் போச்சு. நான் தேய்ச்ச பாறையில் அப்படி எதுவும் இல்லாதது என் புத்திசாலித்தனம் இல்லை, அதிர்ஷ்டம்.

அமெரிக்காவில் 2021-ல் இதே மாதிரி ஒண்ணு நடந்தது. யூட்டா பாலைவனத்தில் மோவாப் பக்கம், ஒருத்தர் பழங்குடிகள் கீறின பாறைச் சித்திரங்களுக்கு மேலேயே ஏறுபாதை போட்டு போல்ட்டு அடிச்சுட்டார். யாரோ சமீபத்தில் கிறுக்கினதுன்னு நினைச்சாராம். பெரிய ரகளை. அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.

அதே நாட்டில் டெக்சாஸ் பாலைவனத்தில் வேக்கோ டேங்க்ஸ்னு ஒரு இடம். பாறைக் குழிகளில் மழைத்தண்ணி தேங்கி நிற்கும், நம்ம சுனை மாதிரி. அதனால ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் அங்கே தங்கி வரைஞ்சுட்டுப் போயிருக்கான். போல்டரிங்கோட கஷ்ட அளவைச் சொல்ற 'வி' அளவுகோல் பிறந்ததும் அங்கேதான், ஜான் ஷெர்மன் புண்ணியத்தில். கூட்டம் கூடி ஓவியம் பாழாக ஆரம்பிச்சதும் 1998-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க. ஒரு குன்றில் ஒரே நேரத்தில் 70 பேர்தான். மத்த குன்றுகளுக்கு வழிகாட்டி இல்லாம போக முடியாது. ஏறுறவங்க ஆரம்பத்தில் குதிச்சாங்க. ஆனா பாறையும் இருக்கு, ஓவியமும் இருக்கு, ஏறுறவங்களும் இருக்காங்க.

ஹம்பியில் நடந்தது நேர் எதிர். ஏறுறவங்களும் சும்மா படுத்துக்கிடக்கறவங்களும் தங்கின விருபாபுர கட்டேயில் விடுதிகள் இஷ்டத்துக்கு முளைச்சது. சட்டவிரோதம்னு உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பு சொல்லி, மார்ச்சில் இடிச்சுத் தள்ளினாங்க. முதலில் யாரும் கேக்கறதில்லை, கடைசியில் புல்டோசர்.

சரி, சொல்லாம மறைச்சா பாறை தப்பிக்குமா? தயிர்சாதம் தப்பிக்கலை. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்க. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு. சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டுன்னு மேலூர் வட்டாரத்துக்கே பெருமை. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்தப் பகுதியை ஏலம் விட்டாங்க. ஊரே திரண்டு, 2025 ஜனவரியில் ரத்தாச்சு. பத்து பேருக்கு மட்டும் தெரிஞ்ச இடமா இருந்தா ரத்தாகியிருக்குமா? போராடினது ஊர்க்காரங்க, நம்மள மாதிரி வீக்கெண்ட் பார்ட்டிங்க இல்லை, அதையும் சொல்லிடறேன்.

அதனால என் கட்சி இதுதான். பாறை இருக்குன்னு ஊருக்கே சொல்லலாம். சொல்லணும். வழி மட்டும் மேப்பில் போகக்கூடாது, ஊர்க்காரர் ஒருத்தர் வழியாப் போகணும். மேப்பில் ஒரு புள்ளி வெச்சா ஏழு கன்னிமார் அதில் தெரிய மாட்டாங்க. பெரியவர் கூட வந்தா தெரிவாங்க. தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவோட திறந்தப்போ, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டியா வெச்சாங்க. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேல உயிர் போன பிறகு வந்த புத்தி. செஞ்சிக் குன்றுகளுக்கும் அதே மாதிரி ஒண்ணு ஏன் கூடாது? ஒரு ஊருக்கு ரெண்டு பசங்க, ஆளுக்கு நாளைக்கு இவ்வளவுன்னு கட்டணம், பத்து மெத்தை வாடகைக்கு. நின்னுக்கிட்டு இருக்கற பாறையிலிருந்து வருஷா வருஷம் காசு வருதுன்னா, ஆப்பு எடுத்துக்கிட்டு வர்றவனை ஊரே கேள்வி கேட்கும். வேலிக்கல்லா ஒரு தடவைதான் விற்க முடியும். பெரிய பணம் வராது, தெரியும். மாமா பையன் டிப்பரை விட்டுட்டு வழிகாட்டி ஆகப்போறதில்லை. ஆனா அவன் தம்பி ப்ளஸ் டூ முடிச்சுட்டுச் சும்மா இருக்கான்.

'பொதுச் சொத்து'ன்னு கோபப்பட்ட நண்பருக்கு: பொதுன்னா சென்னையிலிருந்து வர்ற நமக்கும் அதில் பங்கு உண்டு, ஒத்துக்கறேன். முதல் பங்கு அங்கே ஆடு மேய்க்கறவருக்கு. அவர் கதவைத் தட்டாம உள்ளே போற உரிமை யாருக்கும் இருக்கறதா எனக்குத் தோணலை. கோபம் தீரலைன்னா பின்னூட்டத்தில் கும்மலாம், வாங்கிக்கறேன் :-)

பெரியவர்கிட்ட போன ஆடிப் பொங்கலுக்குப் போய்ப் பேசினேன். மெத்தையில்லாமத்தான் போனேன். பொங்கல் சோறு கையில் வாங்கிச் சாப்பிட்டு, பாத்திரம் தேய்ச்சுக் குடுத்துட்டு, கடைசியா மெதுவாக் கேட்டேன். உடனே பதில் வரலை. "அஞ்சாறு பேருன்னா வாங்க. எம் பேரன் கூட வருவான். சாயங்காலம் கூட்டிட்டுத்தான் போகணும் குப்பையை"ன்னார். 'குப்பையை'ன்னு சொன்னது எங்களையும் சேர்த்தான்னு இன்னும் யோசிக்கறேன்.

மார்கழி ரெண்டாவது ஞாயிறு போறோம். என்னையும் சேர்த்து ஆறே பேர். மூணு இடம் ஏற்கெனவே போச்சு. வர்றவங்க தனி மடல் போடுங்க. காலை அஞ்சு மணிக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. பேரனுக்கு ஆளுக்கு முந்நூறு ரூபாய். கம்பி பிரஷ் எடுத்துட்டு வர்றவங்களை அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பிடுவேன். தயிர்சாதம் என் பொறுப்பு, ஊறுகாய் யாராவது கொண்டு வாங்க.